டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில்

பிறர் நோயைக் கண்டு இரங்கி மருத்துவம் பயின்றவர் உலகிற் பலர். தம் உடற்குறை நீங்க வழிதேடிப் புறப்பட்டு, கண்ட வழியைப் பிறர்க்கெல்லாம் திறந்து வைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இலண்டன் மாநகரத்து டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் என்பவர். கைகால்கள் தம் ஏவலுக்கு இணங்காமல் விறைத்தும் பின்னியும் கிடந்த குழந்தைகளை நுணுகி நோக்கி, குற்றம் கைகால்களில் அன்று, மூளையிலேயே உள்ளது என்று விளங்க எடுத்துக்காட்டிய முன்னோருள் அவர் தலையாயவர்.

இவர் வரலாற்றை ஈண்டு வரையப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. மதுரையினின்று அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ள காரியாபட்டியும், அதனை அடுத்துத் திருச்சுழி வரையிற் பரந்து கிடக்கும் வானம் பார்த்த நிலமும் யாம் நன்கு அறிந்த நாடு. அங்கு மக்கள் தம் கைவன்மையை நம்பியே வாழ்கின்றனர். கரிசற் காட்டிற் பருத்தி எடுப்பதும், களை வெட்டுவதும், அருப்புக்கோட்டைத் தறிகளில் அறுந்த இழையைப் பிணைப்பதும், குடிநீரைத் தொலைவிலிருந்து சுமந்து வருவதும் கைகால்கள் பிழையாது இயங்கினாலன்றி நடவா. இத்தகைய நாட்டில், குடத்தை நழுவ விடும் சிறுமியும், பென்சிலை நேரே பிடிக்க மாட்டாத சிறுவனும், வகுப்பில் ஒரு நாழிகையும் அமர்ந்திருக்க இயலாத பிள்ளையும் எளிதிற் பழிக்கு ஆளாகின்றனர். சோம்பேறி என்றும், மந்தன் என்றும், அடங்காப் பிடாரி என்றும் பெயர் சூட்டப் பெறுகின்றனர். பழி பிள்ளையோடும் நிற்பதில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், தெய்வக் குற்றம் என்றும் ஈன்ற தாயின்மேற் சென்று ஏறுகின்றது. லிட்டில் வாழ்ந்த காலத்து இங்கிலாந்தும் இதற்கு விலக்கன்று. ஆகவே அவர் வரலாறு நமக்குத் தொலைவான கதையன்று.

பிறப்பும் இளமையும்

லிட்டில் 1810-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் இலண்டன் நகரின் கீழ்ப்பகுதியாகிய ஆல்ட்கேட்டிற் பிறந்தார். அவர் பெற்றோர் அங்கே செஞ்சிங்கம் என்னும் பொருள்படும் பெயருடைய விடுதி ஒன்றை நடத்தி வந்தனர். நடை பயிலும் குழந்தைப் பருவத்திலேயே அவரை இளம்பிள்ளை வாதம் பற்றியது. உயிர் பிழைத்தது, ஆயின் இடக்கால் சூம்பி, பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் நிலத்தில் ஊன்றாததாயிற்று.

இந்நோய் மூளையைப் பற்றியதன்று. தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை ஒரு நச்சுயிரி அழிப்பதால் வருவது. அழிந்த அணுக்களுக்குரிய தசைகள் துவள, எதிர்த்தசைகள் பாதத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொள்கின்றன. இவ்வுண்மை அக்காலத்தார்க்குத் தெரியாது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் இயற்கையாகப் பரவும் அந்நச்சுயிரியால் எந்தக் குழந்தையும் முடம்பட்டதாகக் காணப்படாமையின், 2014-ஆம் ஆண்டு இந்தியா இந்நோய் நீங்கிய நாடென்று உலகச் சுகாதார நிறுவனத்தாரால் அறிவிக்கப்பெற்றது. லிட்டிலின் தலைமுறைக்கு அந்தப் பேறு இல்லை.

சிறுவர் லிட்டில் டோவர் நகரையடுத்த பள்ளி ஒன்றிலும், பின்பு பிரெஞ்சு நாட்டில் செயின்ட் ஓமர் என்னும் ஊரிலிருந்த கல்லூரியிலும் பயின்றார். பிரெஞ்சு மொழியில் நல்ல தேர்ச்சி பெற்றார். அயல்மொழிப் பயிற்சியே பிற்காலத்தில் அவர் வாழ்வைத் திருப்பப் போகின்றது என்பதை அன்று எவரும் அறியார். பின்னர் மருந்து செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகி, 1828-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவசாலையில் மாணவராகச் சேர்ந்தார். 1832-ஆம் ஆண்டு அறுவை மருத்துவர் கழகத்தின் தகுதியையும் பெற்றார்.

ஹானோவர்ப் பயணம்

மருத்துவராகியும் தம் காலுக்கு மருந்தில்லை என்பது அவர் நெஞ்சை அறுத்தது. குதிகால் தசைநாணை அறுத்து விட்டால் பாதம் நேர்ப்படலாம் என்னும் கருத்து அக்காலத்தில் உலவியது. பிரெஞ்சு நாட்டு டெல்பெக் என்பவர் 1816-ஆம் ஆண்டு அவ்வாறு செய்து பார்த்தார். புண் சீழ்க்கொண்டமையின் மறுமுறை அதனைக் கையாளவில்லை. கிருமிகளை அறியாத காலம் அது. அறுவைப் புண் அழுகினால் காலும் போகும், உயிரும் போகும். இலண்டன் மருத்துவர்கள் லிட்டிலை அம்முயற்சியினின்று விலக்கவே முயன்றனர்.

அந்நிலையில் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து ஸ்ட்ரோமேயர் என்னும் அறுவை மருத்துவர் புதியதொரு முறையைக் கண்டிருப்பதை லிட்டில் படித்தறிந்தார். தோலை அகலக் கீறாது, சிறு துளை வழியே மெல்லிய கத்தியைச் செலுத்தி, உள்ளிருக்கும் தசைநாணை மட்டும் அறுத்து விடுவது அம்முறை. காற்றுப் படாமையின் புண் எளிதில் ஆறியது. லிட்டில் ஜெர்மனி சென்று, பல்கலைக்கழகங்களில் உடற்கூற்றை ஆழ்ந்து கற்று, இறுதியில் ஹானோவரை அடைந்தார். 1836-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் ஸ்ட்ரோமேயர் அவர் இடக்காலில் அறுவை செய்தார். மயக்க மருந்து மக்களுக்குப் பயன்படத் தொடங்கியது 1846-ஆம் ஆண்டிலேயாம். ஆதலின் லிட்டில் விழித்திருந்தவாறே அவ்வேதனையைத் தாங்கினார். சில வாரங்களில் அவருடைய குதிகால் நிலத்தில் ஊன்றியது.

நலம் பெற்றவர் நேரே ஊர் திரும்பினாரல்லர். ஸ்ட்ரோமேயரிடமே அம்முறையைக் கற்றுக்கொண்டு பெர்லின் சென்றார். அங்கே பெயர்பெற்ற அறுவை மருத்துவராகிய டீஃபன்பாக்குக்குத் தம் காலையே சான்றாகக் காட்டினார். திருகிய பாதத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஆராய்ச்சி நூல் எழுதி, 1837-ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு பெப்ருவரி 20-ஆம் நாள் இலண்டனில் அம்முறைப்படி முதல் அறுவையைச் செய்தார். தமக்குப் பிறந்த மகனுக்கு லூயி ஸ்ட்ரோமேயர் லிட்டில் என்று, தம்மை நடக்கச் செய்த ஆசிரியரின் பெயரையே இட்டார். நன்றி மறவாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

மருத்துவசாலையும் புதிய ஐயமும்

உறுப்புக் குறையுற்றோர் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்கென ஒரு சாலை வேண்டுமென்று லிட்டில் 1838-ஆம் ஆண்டு முயற்சி தொடங்கினார். 1840-ஆம் ஆண்டு புளூம்ஸ்பரிச் சதுக்கத்தில் அது திறக்கப்பட்டது. 1845-ஆம் ஆண்டு முதல் அரச உறுப்புச் சீரமைப்பு மருத்துவசாலை என வழங்கலாயிற்று.

அச்சாலைக்கு வந்த குழந்தைகளை நோக்கிய லிட்டிலுக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு சாரார் தம்மைப் போன்று துவண்ட தசையினர். மற்றொரு சாரார் முற்றும் வேறுபட்டவர். அவர்கள் தசைகள் துவளவில்லை, கயிறுபோல் விறைத்திருந்தன. தொடைகள் ஒன்றோடொன்று நெருங்கி, கால்கள் கத்தரிபோற் பின்ன, நுனிவிரலால் நடந்தனர். சிலர்க்குக் கைகளும் பேச்சும் தடைப்பட்டன. சிலர்க்கு அறிவும் குன்றியது. வேறு சிலர்க்கோ உடல் எவ்வளவு விறைத்திருப்பினும் அறிவு பழுதின்றி விளங்கியது. தசைநாணை அறுத்தால் பயன் உண்டாயிற்று. ஆயினும் விறைப்பு எங்கிருந்து வந்தது என்னும் வினா நின்றது. நோயை நீக்குமுன் அதன் முதலை ஆராய்க என்பது நம் முன்னோரும் கூறிய நெறியே. லிட்டில் அந்நெறியிற் சென்றார்.

அவர் ஒவ்வொரு தாயிடமும் பிள்ளை பிறந்த விதத்தைக் கேட்டறிந்தார். விடைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. குழந்தை குறைமாதத்திற் பிறந்தது. அல்லது மகப்பேற்று வேதனை நீண்டது. அல்லது பிறந்த குழந்தை உடனே அழவில்லை, மூச்சின்றி நீலம் பூத்துக் கிடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இத்தகைய இருநூறு குழந்தைகளைக் கண்ட பின்னரே அவர் வாய் திறந்தார். 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்தின் முன் தம் கட்டுரையைப் படித்தார். அடுத்த ஆண்டு அது அச்சாயிற்று. பிறக்கும் பொழுது மூச்சும் குருதியோட்டமும் தடைப்படுவதால் மூளையும் நரம்பு மண்டலமும் ஊறுபடலாம் என்பதும், அவ்வூறே பின்னர் உடல் விறைப்பாக வெளிப்படுகின்றது என்பதும் அதன் சாரம்.

கேட்டோர் பலர் ஐயுற்றனர். மூச்சின்றிப் பிறந்து பிழைத்த குழந்தைகள் பலர் நலமாக வளர்வதைத் தாம் கண்டிருப்பதாக அவர்கள் கருதினர். பெரும்பாலோர் நலமடைவதை லிட்டிலும் மறுத்தாரல்லர். சிலர் ஊறுபடுகின்றனர் என்பதே அவர் காட்டியது. காலம் அவர் பக்கம் நின்றது. அந்நோய் நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே வழங்கியது. இன்று அது மூளை முடக்குவாதம் எனப்படும்.

பழியும் காரணமும்

ஆயினும் லிட்டிலின் கொள்கையிலும் பிற்காலத்தார் திருத்தம் கண்டனர். பின்னாளில் உளப்பகுப்பாய்வாற் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, தொடக்கத்தில் நரம்பு மருத்துவர். குழந்தைகளின் மூளை வாதத்தைப் பற்றி அவர் 1897-ஆம் ஆண்டு பெருநூல் ஒன்று வெளியிட்டார். கடினமான மகப்பேறு சிலவேளை நோயின் காரணமாகாது, கருவிலேயே நேர்ந்த கேட்டின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவர் கருதினார். நெடுநாள் இக்கருத்து மதிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 54,000 கருப்பேறுகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாக, 1986-ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு பிராய்டின் ஐயத்திற்கு வலிவளித்தது. பிறப்பின்போது நேரும் மூச்சுத் தடை சிறுபான்மைக் குழந்தைகளுக்கே காரணமாவது. பெரும்பான்மையோர்க்குக் காரணம் அதற்கு முன்னரே தோன்றுவது.

இவ்வுண்மை ஏட்டளவினதன்று. பிள்ளைக்கு நேர்ந்ததற்குத் தாயையோ மருத்துவச்சியையோ உடனே குற்றவாளியாக்குவது அறியாமை என்பதை இது காட்டுகின்றது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இது இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று வினவிய சீடர்க்கு ஆண்டவர் அவ்விரண்டையும் மறுத்ததாக யோவான் சுவிசேஷம் உரைப்பதை நம் மாணவர் அறிவர். காரணத்தைத் தேடுதல் வேறு. பழி சுமத்துதல் வேறு. முன்னது குழந்தைக்கு உதவும். பின்னது எவர்க்கும் உதவாது.

மூளையின் செயல்

இனி மூளையில் நிகழ்வதைச் சிறிது விளக்குவோம். பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் தண்டுவடத்திற்கு இறங்கி, அங்கிருந்து தசைகளை ஏவுகின்றன. கண்மாயினின்று மடை வழியே வாய்க்காலுக்கும் வயலுக்கும் நீர் செல்வதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். மடை பழுதானால் ஒரு வயல் காயும், ஒரு வயல் மூழ்கும், குற்றம் வயலினதன்று. அதுபோல், மேலிருந்து வரும் ஏவலும் அடக்கமும் குலைந்தால், சில தசைகள் வலிவிழக்கின்றன, சில தசைகள் அளவின்றி இறுகுகின்றன. குறைமாதக் குழந்தைகளின் மூளையில் நடுவறைகளை ஒட்டிய வெண்பகுதி எளிதில் ஊறுபடும். கால்களை ஏவும் இழைகள் அவ்வறைகளுக்கு மிக அருகே செல்வதால்தான், அக்குழந்தைகளுக்குக் கைகளினும் கால்களே மிகுதியாக விறைக்கின்றன. பிறந்த சின்னாட்களில் மஞ்சட்காமாலை கடுமையானால் மூளையின் அடித்தளத்திலுள்ள நரம்புத் திரட்சிகள் கெட்டு, உறுப்புகள் தாமே நெளியும் நிலை உண்டாகும். உரிய பொழுதில் ஒளிச் சிகிச்சை அளித்தால் அதனைத் தடுத்துவிடலாம்.

இத்தகைய வெளிப்படையான ஊறு ஏதுமின்றியே இயக்கமும் கவனமும் தடுமாறும் பிள்ளைகளும் உளர். லிட்டில் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1902-ஆம் ஆண்டு, ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டன் அரச மருத்துவர் கழகத்தில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவு குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ளவும் கவனத்தை நிலைநிறுத்தவும் இயலாத குழந்தைகளை அவர் அவற்றில் விவரித்தார். ஒழுக்கக் குறை என்னும் அக்காலச் சொல்லையே அவரும் ஆண்டாரெனினும், வளர்ப்பின் பிழையென்று எல்லாவற்றையும் தள்ளிவிடாது, உடலிற் காரணம் தேட வேண்டுமென்று உணர்ந்திருந்தார்.

பின்வந்தோர் இவ்விருவர் வழியையும் இணைத்து, இப்பிள்ளைகளுக்கு மூளையில் மிகச் சிறிய ஊறு இருத்தல் வேண்டும் என்று கருதினர். அவ்வூறு கண்ணுக்குப் புலப்படாமையின் அப்பெயர் கைவிடப்பட்டது. இன்று கவனக்குறைவும் மிகையியக்கமும் ஒரு குறைபாடாகவும், வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு மற்றொன்றாகவும் வைத்து எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளைப் பற்றுவது. ஒரு பிள்ளையிடத்திலேயே இரண்டும் கூடியிருத்தலும் மிகுதி. அசைவின் காலத்தையும் அளவையும் நேர்செய்யும் சிறுமூளை, பழக்கத்தை அமைக்கும் அடித்தளத் திரட்சிகள், இச்சையை அடக்கிக் கருத்தை ஒன்றில் நிறுத்தும் முன்மூளை ஆகிய இவை ஒன்றோடொன்று இசைந்து தொழில் செய்வதில் ஏற்படும் வேறுபாடே அடிப்படை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, பெருமூளை மேற்பரப்பு தன் முழுத் தடிப்பை ஏனைய பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஏழரை வயதில் எய்த, கவனக்குறைவுடைய பிள்ளைகளிடம் பத்தரை வயதில் எய்துவதைக் காட்டியது. வளர்ச்சியின் வரிசை ஒன்றே, வேகம் வேறு.

பத்து வயதுச் சிறுவனிடம் அவன் மூளை இன்னும் எய்தாத அடக்கத்தை எதிர்நோக்கிப் பிரம்பை எடுப்பது, முதல் மழையை நம்பி விதைத்த மானாவாரிப் பயிரை நஞ்சைப் பயிரோடு ஒப்பிட்டு வைவது போலாம்.

இறுதியும் பயனும்

லிட்டில் 1863-ஆம் ஆண்டு வரை இலண்டன் மருத்துவசாலையிற் பணியாற்றினார். முதுமையில் கென்ட் நாட்டு மேற்கு மாலிங் என்னும் ஊரில் ஒதுங்கி வாழ்ந்து, 1894-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், 83-ஆம் வயதில் உயிர்நீத்தார். மூத்த ஆசிரியரின் பெயர் தாங்கிய லூயியும், இளைய மகன் முயர்ஹெட்டும் தந்தையின் துறையிலேயே தொண்டு புரிந்தனர். பின்னவர் பிரிட்டிஷ் உறுப்புச் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவருமானார்.

நம் நாட்டில் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் கல்விக்கென 1972-ஆம் ஆண்டு பம்பாயிலும், 1985-ஆம் ஆண்டு சென்னையிலும் சங்கங்கள் தோன்றின. 1999-ஆம் ஆண்டு இவர்தம் நலனுக்கெனத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணியது. மூளை முடக்குவாதமும் கற்றற் குறைபாடும் அவற்றுள் அடங்கும். ஆனால் கவனக்குறைவும் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடும் அப்பட்டியலில் தனிப்பெயராக இடம்பெறவில்லை. சட்டத்தின் கண்ணுக்குப் படாத இப்பிள்ளைகளுக்கு ஆசிரியரின் கண்ணே துணை.

எம் கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர் நாளை ஆசிரியராகவும் செவிலியராகவும் காரியாபட்டி வட்டாரத்து ஊர்களுக்கே திரும்புவர். அவர்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. நுனிவிரலால் நடக்கும் குழந்தையையும், ஆறு மாதமாகியும் தலை நில்லாத குழந்தையையும், தானே சரியாகும் என்று காத்திராது அரசு மருத்துவசாலைக்கு அனுப்புமின். கையெழுத்துக் கோணும் சிறுவனுக்கு எழுதக் கூடுதற் பொழுது கொடுமின். வாயால் விடை சொல்லவும் விடுமின். ஓரிடத்தில் அமர மாட்டாதவனுக்குக் கரும்பலகை துடைப்பதும், ஏடுகளைப் பங்கிடுவதுமாகிய வேலையை இடையிடையே தந்து, பாடத்தைச் சிறு சிறு பகுதியாக்கி நடத்துமின். வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் நாடுமின். யாவற்றினும் முதலாக, அக்குழந்தையின் தாயைக் காணும்போது அவள் செய்த தவறு யாதென வினவாது, பிள்ளை பிறந்த நாள்முதல் அவள் கண்டதைப் பொறுமையோடு கேண்மின். இருநூறு தாய்மாரை லிட்டில் அவ்வாறு கேட்டமையாலேயே இன்று நாம் இவ்வளவும் அறிந்திருக்கின்றோம்.